ஹாட்ஸ்பாட்டா, தனி வைஃபை கருவியா, இரண்டாவது சிம்மா? கொங்கு நாட்டில் ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்வோருக்கான ஒப்பீடு

கொங்கு நாட்டில் தொழில் என்றாலே வண்டியேறுவதும் சேர்ந்தே வரும். சோமனூரில் தறி ஓட்டுகிறவர் நூலுக்கும் துணிக்கும் திருப்பூர், ஈரோடு என்று அலைகிறார். காங்கேயத்துத் தேங்காய்க் களத்துக்காரர் கொப்பரைக்கு விலை கேட்டுக்கொண்டே பொள்ளாச்சிக்குப் போய்வருகிறார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி எங்கோ வடக்கே ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்க, அதன் டீசல் செலவும் அடிக்கணக்கும் ஊரில் இருக்கிற முதலாளியிடம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கின்றன. நாமக்கல்லில் முட்டை விலை அறிவிப்பு வந்ததும் பண்ணையாளருக்கு வியாபாரிகளின் அழைப்பு தொடங்கிவிடுகிறது. இத்தனை பேருக்கும் கைபேசியும் அதில் வருகிற நெட்டும் கடைக்குத் தராசு எப்படியோ அப்படி ஆகிவிட்டன. ஆனாலும் எந்த வழியில் இணைப்பை வைத்துக்கொள்வது என்ற முடிவைப் பெரும்பாலோர் விளம்பரத்தையோ, ரீசார்ஜ் கடைக்காரர் சொல்வதையோ கேட்டுத்தான் எடுக்கிறார்கள்.

நம் முன்னால் இருக்கிற வழிகள் சிலவே. கையில் இருக்கிற போனின் ஹாட்ஸ்பாட்டை வைத்தே மடிக்கணினிக்கும் நெட் கொடுத்துக்கொள்ளலாம். அதற்கென்று தனியாக ஒரு சிறிய வைஃபை கருவி வாங்கி, அதில் வேறொரு சிம் போடலாம். ஒரே போனில் வேறு நிறுவனத்தின் இரண்டாவது சிம்மைப் போட்டு, ஒன்று விழுந்தால் மற்றதற்கு மாறிக்கொள்ளலாம். ரயில் நிலையம், தங்கும் விடுதி போன்ற இடங்களின் பொது வைஃபையை நம்பலாம். இவற்றை ஒப்பிடும்போது எல்லாரும் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றித்தான். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: எந்த இடத்தில், எந்த நேரத்தில் இணைப்பு அறுந்தால் உங்களுக்குப் பணமோ காரியமோ கெடும்? அந்த ஒரு மணி நேரத்தை எந்த வழி காப்பாற்றுகிறதோ அதுவே உங்களுக்கான வழி. மீதி நேரத்தில் எதை வைத்திருந்தாலும் வேலை நடந்துவிடும்.

லாரிக்காரர்களுக்கு அந்த நேரம் எது என்பதைச் சொன்னால் விஷயம் தெளிவாகிவிடும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு, வேண்டும். சாதாரணச் சரக்குக்கு ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் என்ற கணக்கில் அதன் ஆயுள் அமைகிறது. வண்டி பழுதாகி வழியில் நின்றுவிட்டால், பில் முடிகிற நேரத்துக்கு 8 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரைக்குள் அதை நீட்டித்துக்கொள்ள வேண்டும். வண்டி எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதை ஓட்டுநர் அந்தச் சமயத்தில் முதலாளிக்குச் சொல்ல முடியாமல் போனால் வருகிற அபராதத்தின் முன்னால், மாத ரீசார்ஜில் மிச்சம் பிடித்த ஐம்பது நூறு ஒரு பொருட்டே அல்ல. இங்கே வினாடிக்கு எத்தனை எம்பி இறங்குகிறது என்பதற்கு அர்த்தமே இல்லை. ஒரு செய்தி போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் ஊர்களின் நில அமைப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சேலத்திலிருந்து சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி வழியாகக் கோவை, வாளையார் வரை செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே திரிகிறவருக்கு எந்த நிறுவனத்தின் சிம்மும் ஏறக்குறையப் போதும். சாலையை விட்டு மலைப்பக்கம் திரும்பும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போகிறவர், பண்ணாரியிலிருந்து 27 வளைவுகள் ஏறித் திம்பம் வழியாகத் தாளவாடிக்கோ சாம்ராஜ்நகருக்கோ போகிறவர், 70 வளைவுகள் ஏறிக் கொல்லிமலை சேர்கிறவர், அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்குப் போகிறவர் ஆகியோர் எந்த நிறுவனத்தின் டவர் அந்த வழியில் எங்கெங்கே எட்டுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கருவியை வாங்கினாலும் காசு வீண்.

இதற்குக் காரணம் அலைவரிசை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும். 2300 மெகாஹெர்ட்ஸ், 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை ஆகியன நிறைய டேட்டாவைச் சுமக்கும், ஆனால் அருகிலேயே தேய்ந்துவிடும். அதனால்தான் கோவை காந்திபுரத்தில் பறக்கிற 5ஜி, ஒரு தோட்டத்துக்குள் போனதும் ஒற்றைக் கோடாகச் சுருங்கிவிடுகிறது. ஒற்றைக் கோட்டில் தொங்கும் 5ஜியைவிட நிறைந்த 4ஜி வேலைக்கு உகந்தது. பயணத்தின்போது போனின் நெட்வொர்க் அமைப்பை 4ஜிக்கு மாற்றி வைத்துக்கொண்டால், போன் 5ஜியைத் தேடித் தேடி பேட்டரியைக் கரைப்பதும் குறையும். இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1 அன்றுதான் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். நகரத்தை மூடிய அளவுக்கு அது கிராமத்து உட்சாலைகளை மூடியிருக்கும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

தறிக்குடோன்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தகரக் கூரை அலையைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே நிற்கிறவரின் போனில் சிக்னல் குறைவதற்கு டவர் தூரத்தில் இருப்பது மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சிக்னல் இருந்தாலும் தறிச் சத்தத்தில் மணி கேட்காது, பேச்சும் காதில் விழாது. அதனால் அங்கே அழைப்பைவிடக் குறுஞ்செய்தியும் வாட்ஸ்அப்பும்தான் உண்மையான தொடர்பு. ஜன்னலோரத்தில் ஒரு சிறிய வைஃபை கருவியை வைத்து, உள்ளே இருக்கிற போன்களை அதனுடன் இணைத்துக்கொள்வது இந்த ஓரிடத்தில் ஹாட்ஸ்பாட்டைவிட நன்றாகப் பலன் தருகிறது; கருவி சிக்னல் கிடைக்கிற இடத்தில் அசையாமல் இருக்கும், போன் அவரவர் சட்டைப் பையில் இருக்கலாம்.

எந்த நிறுவனம் எங்கே எட்டும் என்பதை முன்பெல்லாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, 2ஜி, 4ஜி, 5ஜி ஒவ்வொன்றும் எட்டும் பரப்பைக் காட்டும் வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட்டிருக்கின்றன. வழக்கமாகப் போகும் பாதையை அதில் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. வரைபடம் திறந்தவெளியை வைத்துப் போடப்படுவது, வீட்டுக்குள்ளும் பள்ளத்தாக்கிலும் அப்படியே பொருந்தாது என்ற எச்சரிக்கையோடு பார்த்தால் போதும். அந்தப் பாதையில் தினமும் ஓட்டுகிற பேருந்து நடத்துநரையோ பால் வண்டி ஓட்டுநரையோ “எங்கெங்க டவர் போகுதுங்க?” என்று கேட்டால், வரைபடம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

இப்போது இரண்டாவது சிம்முக்கு வருகிறேன். ஒரு வழியை மட்டும் சொல் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான். இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தினுடையவையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம்களை வைத்துக்கொண்டு டவர் இல்லை என்று வருந்துகிறவர்களை இன்றும் பார்க்கிறோம். 2018 பிப்ரவரியை நம் பக்கத்தில் மறந்தவர் குறைவு. தமிழ்நாட்டில் 1999இல் தொடங்கி, வீட்டுக்கு வீடு சிம் வைத்திருந்த ஏர்செல்லின் சேவை அப்போது பரவலாக முடங்கியது. அந்த மாத இறுதியில் அந்நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. வங்கிக்கும் வியாபாரத்துக்கும் ஒரே எண்ணை நம்பியிருந்தவர்கள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் வரை தவித்துப்போனார்கள். இரண்டாவது நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போனில் வைத்திருந்தவர்களுக்கு அந்த வாரம் வெறும் தொந்தரவாக மட்டுமே கடந்தது.

அன்றாடத்திலும் இதன் பயன் அப்படியே. கோவை கொடிசியா வளாகத்தில் கண்காட்சி நடக்கும்போது ஆயிரக்கணக்கானோர் ஒரே டவரைப் பிடித்து இழுக்கிறார்கள். கோடுகள் முழுதாக இருந்தும் ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும். அந்த இடத்தில் விலை உயர்ந்த போனோ தனிக் கருவியோ அதே நிறுவனத்தின் டவரைத்தான் பிடிக்கும் என்பதால் பயன் இல்லை. கூட்டம் குறைவான வேறு நிறுவனத்தின் வலைக்கு மாறுவதுதான் தீர்வு. போன் அமைப்பில் டேட்டா சிம்மை மாற்ற இரண்டு தட்டு போதும்.

இதில் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான போன்களில் இரண்டு சிம் போட இடம் இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் முழுமையாக வேலை செய்யும். முதல் சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சிம்மின் எண்ணை அழைப்பவருக்கு “தொடர்பு எல்லைக்கு வெளியே” என்ற பதில் கிடைக்கலாம். டேட்டா இரண்டாவது சிம்மில் இருந்தால், பேசி முடிக்கும் வரை நெட் நின்றுபோகலாம். சில போன்களில் அழைப்பு நடக்கும்போது டேட்டாவைத் தானாகவே அந்தச் சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் அமைப்பு உண்டு. வாங்குவதற்கு முன் கடையிலேயே இரண்டு சிம்மையும் போட்டு, ஒன்றில் பேசிக்கொண்டே மற்றதில் ஒரு படத்தை அனுப்பிப் பார்ப்பது நல்லது. இன்னொன்று, சில போன்களில் இரண்டாவது சிம் போடுகிற இடமும் மெமரி கார்டு போடுகிற இடமும் ஒன்றே. கார்டில் பில் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறவர் அதைக் கடைசி நேரத்தில் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

இரண்டாவது சிம்முக்கு மாதாமாதம் முழு ரீசார்ஜ் போட வேண்டுமா என்பதுதான் அடுத்து எழும் கேள்வி. போட வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த திருத்தத்தின்படி, குரல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக் ஒன்றையாவது நிறுவனங்கள் தர வேண்டும். அத்தகைய பேக்கின் ஆயுள் 365 நாள் வரை இருக்கலாம். அந்தப் பேக்கைப் போட்டு எண்ணை உயிரோடு வைத்துக்கொண்டு, மலைப்பக்கம் போகிற வாரத்தில் மட்டும் டேட்டா போட்டுக்கொள்ள முடியுமா என்று அந்த நிறுவனத்தின் பேக் விவரத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றும் போடாமல் அப்படியே விட்டுவிடுவதுதான் தவறு. பேக் முடிந்த சில நாளில் அழைப்பு வருவது நின்றுவிடும், தொடர்ந்து 90 நாள் எதற்குமே பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது.

இரண்டாவது சிம் எந்த நிறுவனத்தினுடையது என்பதைப் பாதையே தீர்மானிக்கட்டும். ஜியோவின் வலை 4ஜி, 5ஜி மட்டுமே கொண்டது. ஏர்டெல்லுக்கு 2ஜியும் இருப்பதால், நெட் வராத இடத்தில்கூடச் சில சமயம் சாதாரண அழைப்பு கிடைத்துவிடுகிறது. மலைக்கிராமங்களுக்குப் போகிறவர் பி.எஸ்.என்.எல்.லை இரண்டாவதாக வைத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்க வேண்டும். டவரே எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்லும் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, அந்தப் பணியை பி.எஸ்.என்.எல்.லிடம்தான் ஒப்படைத்தது; உள்நாட்டிலேயே உருவாக்கிய அதன் 4ஜி வலை 2025 செப்டம்பர் 27 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நகரத்தில் அதன் வேகத்தைத் தனியார் நிறுவனங்களோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது எளிது. ஆனால் கடம்பூர் மலையிலோ பர்கூரிலோ வேலை இருக்கிறவருக்கு அந்த ஒப்பீடு தேவையே இல்லை. அங்கே எது எட்டுகிறதோ அதுவே நல்ல சிம். அரசு நிதியில் அமைந்த டவர்களை வேறு நிறுவன வாடிக்கையாளர்களும் 4ஜிக்குப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியதால், வரும் நாளில் இந்தக் கணக்கு இன்னும் எளிதாகலாம்.

எல்லை தாண்டுகிறவர்களுக்கு ஒரு சொல். வாளையாரைத் தாண்டியதும் கேரளத் தொலைத்தொடர்பு வட்டம், ஆசனூருக்கு அப்பால் கர்நாடகத் தொலைத்தொடர்பு வட்டம். உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கேட்கிற காலம் போய்விட்டது. ஆனால் சில போன்களில் டேட்டா ரோமிங் என்ற பொத்தான் அணைந்திருந்தால் எல்லை தாண்டியதும் அழைப்பு மட்டும் வரும், நெட் வராது. பாலக்காட்டுக்குச் சரக்கேற்றிப் போன ஓட்டுநர் “நெட் போயிருச்சுங்க” என்று ரீசார்ஜ் கடையைத் தேடி நிற்பதற்கு முன் அந்தப் பொத்தானைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்நாட்டுக்குள் அதைத் திறந்தே வைத்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. போனுக்குள்ளேயே பதிந்திருக்கிற இ-சிம்மைப் பற்றியும் கேட்கிறார்கள். அலுவலக வேலையாகப் பறக்கிறவருக்கு அது வசதிதான்; ஓட்டுநருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். போன் உடைந்தால் சாதாரண சிம்மைக் கழற்றிக் கிளீனரின் போனில் போட்டுப் பேசிவிடலாம், இ-சிம்மை அப்படிக் கழற்ற முடியாது.

அடுத்து ஹாட்ஸ்பாட்டும் தனிக் கருவியும். மடிக்கணினியை வாரத்தில் ஓரிரு முறை, ஒரு மணி நேரம் திறக்கிறவருக்குத் தனிக் கருவி தேவையே இல்லை. போன் ஹாட்ஸ்பாட் போதும். அதிலும் யூஎஸ்பி கேபிள் வழியாக நெட் கொடுத்தால் போன் கணினியிலிருந்தே சார்ஜும் ஏற்றிக்கொள்ளும், வைஃபை ஓடும் சூடும் குறையும். கோடையில் கரூர்ச் சாலையில் பேருந்து ஜன்னலோரத்தில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைத்தால் போன் கொதித்துப்போய்த் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்போது டவரைக் குறை சொல்லிப் பயனில்லை. போனை உறையிலிருந்து கழற்றி நிழலில் வைத்துக் கேபிளில் இணைத்தால் அதே சிக்னலில் வேலை நகர்கிறது.

ஹாட்ஸ்பாட்டின் உண்மையான எதிரி தினசரி டேட்டா வரம்பு. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்பது போனுக்குத் தாராளம். மடிக்கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. கணினி நெட்டைக் கண்டதும் விண்டோஸ் அப்டேட்டையும் கிளவுடில் சேர்க்க வேண்டிய படங்களையும் சத்தமில்லாமல் இழுக்கத் தொடங்கிவிடும். குழுவாக நடக்கும் வீடியோ அழைப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி தின்னும். வரம்பு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்குகிறது; வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், துணி வாங்குகிற பையரிடம் மாதிரியை வீடியோவில் காட்ட முடியாது. ஆகவே கணினியில் அந்த ஹாட்ஸ்பாட்டை அளவிடப்பட்ட இணைப்பு (metered connection) என்று குறித்துவைப்பதை முதல் நாளே செய்துவிட வேண்டும். ஜிஎஸ்டி பதிவு, இ-வே பில், வங்கி வேலை ஆகிய மூன்றும் டேட்டாவை மிகக் குறைவாகவே எடுப்பவை என்பதால், அவற்றுக்காக மட்டும் கணினி திறப்பவர் அதிக விலைப் பேக்குக்குப் போக வேண்டாம்.

தனி வைஃபை கருவி யாருக்கு என்றால், நாளில் பல மணி நேரம் வெளியில் கணினி வைத்து வேலை செய்கிறவருக்கும், ஒரே வண்டியில் நான்கைந்து பேராகப் போகிறவர்களுக்கும்தான். போனின் பேட்டரி மிச்சமாகும், அழைப்பு வந்தாலும் கணினியின் நெட் தடைபடாது, ஒருவர் எழுந்து போனதும் மற்றவர்களின் இணைப்பு அறுந்துபோகாது. ஆனால் அதற்கென்று இன்னொரு சிம், இன்னொரு மாத ரீசார்ஜ், இன்னொரு சார்ஜர் என்று செலவும் சுமையும் கூடும். வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். எல்லா நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கிறதா, ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதா என்பது முதலாவது. பூட்டப்பட்ட கருவியை வாங்கிவிட்டால் நான் மேலே சொன்ன மாறிக்கொள்ளும் வசதியே போய்விடும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் உண்டா என்பது அடுத்தது; கண்காட்சி, விடுதி போன்ற இடங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரே நெரிசல். தாழ்ந்த அலைவரிசைகளைப் பிடிக்கிறதா என்பது மூன்றாவது. மலிவுக் கருவிகளில் இதைத்தான் குறைத்துவிடுகிறார்கள், கிராமத்துச் சாலைக்கு முதலில் தேவைப்படுவதும் அதுவேதான்.

ரயிலில் போகிறவர்கள் இந்தக் கருவியிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. ரயில் பெட்டியின் உலோக உடல் அலையைத் தடுக்கிறது. வண்டி வேகமாக ஓடும்போது ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு இணைப்பு கைமாறுகிற ஒவ்வொரு முறையும் வீடியோ திக்கும். கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாகச் சென்னைக்குப் போகும் வந்தே பாரத்தில் ஏறி, சீரான வீடியோ கூட்டம் நடத்தலாம் என்று திட்டமிடுவதைவிட, அந்த நேரத்தை மின்னஞ்சலுக்கும் கணக்குக்கும் ஒதுக்கி, தேவையான கோப்புகளை முன்கூட்டியே கணினியில் இறக்கி வைத்துக்கொள்வது நிம்மதி. கூட்டம் தவிர்க்க முடியாதது என்றால் வீடியோவை அணைத்துக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பொது வைஃபையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் பக்கத்து ரயில் நிலையங்களில் ரெயில்டெல்லின் ரயில்வயர் சேவை நாளுக்கு முதல் 30 நிமிடம் இலவசம்; போன் எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டு உள்ளே போகலாம். பெரிய கோப்பை இறக்கிக்கொள்ள அது உதவும். வங்கி வேலைக்கும் பணம் அனுப்புவதற்கும் சொந்த சிம்மின் டேட்டாவையே பயன்படுத்த வேண்டும். விடுதியின் வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதில் தளர்வு வேண்டாம்.

வழியில் செல்வோரைப் பற்றிய கட்டுரையில் வீட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று தோன்றலாம். கொங்கு நாட்டில் வீடே பலருக்கு ஊருக்கு வெளியே இருப்பதுதான் காரணம். தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், குடியிருப்பவருக்கு, ஊருக்குள் வந்த ஃபைபர் கேபிள் அரை மைல் தள்ளி நின்றுவிடுகிறது. ஒரே ஒரு வீட்டுக்காகக் கம்பம் நட்டுக் கேபிள் இழுக்க யாரும் முன்வருவதில்லை. அதனால் வெளியில் பயன்படுத்துகிற போனே இரவில் வீட்டுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் நெட் தர வேண்டியிருக்கிறது, காலையில் பேட்டரியும் டேட்டாவும் தீர்ந்த நிலையில் வண்டியேற வேண்டியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும் அடுத்த மாதம் ஜியோவும் தொடங்கிய ஏர்ஃபைபர் சேவையில், கேபிள் இல்லாமல் டவரிலிருந்து கூரை மேல் வைத்த கருவிக்கு நெட் வருகிறது. சாளை வரை 5ஜி எட்டுமானால், பயணத்துக்கான போனை வீட்டுச் சுமையிலிருந்து விடுவிக்க இது நல்ல வழி. பேசுவதற்கு மட்டும் சிக்னல் குறைவாக இருக்கிற வீட்டில், போனில் வைஃபை காலிங்கை இயக்கிவைத்தால் அழைப்பும் அந்த நெட் வழியாகவே வந்துவிடும். மின்சாரம் போனால் கருவியும் நின்றுவிடும் என்பதால் அதை இன்வெர்ட்டர் இணைப்பில் போடுவது அவசியம்.

வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அப்புச்சிக்கும் அம்மாயிக்கும் நாளுக்கு இரண்டு ஜிபி டேட்டா போட்டுக் கொடுப்பதைவிட, நான் முன்பு சொன்ன குரல் பேக்கை ஆண்டுக்கொருமுறை போட்டு, பொத்தான் பெரிதாக உள்ள 4ஜி போன் ஒன்றைக் கொடுப்பது அவர்களுக்குப் பயன்படும். மறக்காமல் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும்: சொந்த சிம்முக்கு டவர் இல்லாத இடத்திலும், வேறு எந்த நிறுவனத்தின் டவராவது எட்டினால் 112க்கு அழைப்பு போகும். தோட்டத்தில் தனியாக இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, தேர்வு இப்படி அமைகிறது. ஊர்களுக்கு இடையே திரியும் வியாபாரிக்கும் ஓட்டுநருக்கும் இரண்டு நிறுவன சிம் போட்ட ஒரு போன், நல்ல பவர் பேங்க் ஒன்று. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக வேலை செய்து, நாள் முழுவதும் யூனிட்டுக்கும் சாயப்பட்டறைக்கும் அலைந்துகொண்டே பையருக்கு வீடியோவில் மாதிரி காட்டுகிறவர், டேட்டா அதிகமுள்ள பேக்கில் ஹாட்ஸ்பாட்டோடு தொடங்கி, போதவில்லை என்று தெரிந்த பிறகு பூட்டில்லாத தனிக் கருவிக்குப் போகட்டும். குழுவாகப் போகும் கணக்குப் பரிசோதகர்கள், நிலம் அளப்பவர்கள் முதலியோர் தொடக்கத்திலேயே தனிக் கருவி வாங்குவதில் தவறில்லை. ரிக் வண்டி முதலாளி மட்டும் தன் போனைவிட வண்டியில் இருக்கிறவர்களின் போன்களைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டும். டிரைவரும் டிரில்லரும் வெவ்வேறு நிறுவன சிம் வைத்திருந்தால் யாராவது ஒருவருக்கு லைன் கிடைக்கும்.

இப்போதுள்ள முதன்மை எண் சரியில்லை என்று முடிவாகிவிட்டால், எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் வரும் குறியீடு 4 நாள் செல்லும். அதற்குள் புதிய நிறுவனத்தின் கடையில் ஆவணத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியிருந்தால், 2024 ஜூலை முதல் 7 நாள் கழித்துத்தான் இப்படி மாற முடியும். மாறும் அன்று சில மணி நேரம் எண் வேலை செய்யாது, ஓடிபியும் வராது. ஆகவே மஞ்சள் ஏலமோ ஆர்டர் அனுப்பும் வாரமோ நடக்கும்போது இதைத் தொட வேண்டாம். அதற்கும் முன்னால், போக நினைக்கிற நிறுவனத்தின் புது சிம் ஒன்றை இரண்டாவதாகப் போட்டு, வழக்கமான பாதைகளில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, வங்கியோடு இணைந்த எண்ணை அதன் பிறகு அங்கே கொண்டுபோங்கள்.